பெட்டியில் மிச்சமிருக்கும் இடம்

கடை வாசலில் ஒரு தராசு நிற்கிறது. பெட்டியைத் தூக்கி வைத்தால் முள் ஓடி நிற்கும். தகடு துருவேறிவிட்டது. அதை வாசலுக்குக் கொண்டுவந்தவர் என் முதலாளியம்மா. அக்கா என்றுதான் கூப்பிடுவேன்.

தேக்கா சந்தைக்குப் பின்தெருவில் பயணப்பெட்டி விற்றோம். லீவில் ஊருக்குப் போகிற கட்டுமான ஆட்கள்தான் வாடிக்கை. அப்புறம் போனில் மலிவுக்கடை வந்தது. நாங்கள் கொள்முதல் பண்ணுகிற விலைக்கும் கீழே அதில் பெட்டி கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமையிலும் ஈ ஓட்டினோம். வாடகை ஒப்பந்தம் முடிகிற நேரம். கடை போனால் என் வேலையும் போகும். ஆறாம் வகுப்போடு நின்றவனை இந்த வயதில் யார் எடுப்பார்கள்?

அக்கா யாரையும் திட்டவில்லை. அதே பெட்டியைத் தானும் போனில் ஆர்டர் செய்தார். வந்து சேர ரெண்டு வாரம் ஆனது. தட்டிப் பார்த்தார், சக்கரத்தை உருட்டிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு தம்பி. கடை வாடகை இல்ல, ஃபாக்டரியிலேர்ந்து நேரா வருது. விலையில அவன்கூட நிக்க முடியாது லா."

அப்போதும் ஆட்கள் ஒரு காரியத்துக்கு வந்தார்கள். போனில் வாங்கிய பெட்டியை நிரப்பிக்கொண்டு வந்து எடை பார்க்கக் கேட்பார்கள். ஏர்போர்ட்டில் எடை கூடினால் காசு கட்ட வேண்டுமே. எனக்கு எரிச்சல். "வாங்குறது அங்க, நிறுக்குறது இங்கயா?" என்று ஒருவனை விரட்டினேன். அக்கா அவனைத் திரும்பக் கூப்பிட்டார். உள்ளே கிடந்த தராசை இழுத்துவரச் சொன்னார். "இன்னும் மூணு கிலோ போகும். வீட்டுல யார் யாருப்பா?" பிள்ளைகள் என்றான். எதிர்க்கடைக்கு ஓடி சாக்லெட்டும் பால்மாவும் வாங்கிவந்து திணித்தான். அக்கா எதிர்க்கடையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பெட்டிய அவனே விக்கட்டும். இவன் நாளைக்கு ஃபிளைட் ஏறணும், ரெண்டு வாரம் காத்திருப்பானா? மிச்ச இடத்துக்கு நாம விப்போம்."

இருந்த பெட்டிகளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டோம். சாக்லெட், பிஸ்கட், சோப்பு, தைலம், போர்வை என்று அடுக்கினோம். எடை பார்க்கக் காசு கிடையாது. ஞாயிறு மாலை வரிசை நின்றது. அக்கா வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்.

அக்கா இப்போது பொங்கோலில் மகள் வீட்டில் இருக்கிறார். கடையை நான் பார்க்கிறேன். போன வாரம் பெட்டியோடு வந்தார். ஊரில் தங்கை மகள் கல்யாணம். பெட்டி போனில் வாங்கியதாம். தராசில் வைத்தேன். முள் நின்றது.

"நாலு கிலோ போகும்க்கா. அங்க யார் யார் இருக்காங்க?"

"என்கிட்டயேவா?" என்று முறைத்தார்.

பிறகு கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.