அபி இடுப்பில் கிடந்த காசு

நடந்ததைத்தான் சொல்கிறேன். நம்பாதவர்கள் செவிலிமேட்டுக்குப் போய் லோகேஸ்வரனையே கேட்டுக்கொள்ளலாம். பழங்காசுகளைத் தரம் பார்த்துச் சொல்கிறவர். ஒன்றைப் பத்தாக்கிப் பேசத் தெரியாத மனிதர். தேய்ந்த காசைத் தேய்ந்தது என்று முகத்துக்கு நேராகச் சொல்லியே பாதி நண்பர்களை இழந்தவர்.

போன ஆவணியில் ஒரு மத்தியானம், தாமலிலிருந்து பாண்டியன் வந்தான். வேன் ஓட்டுகிறவன். சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன வெள்ளிக் காசை எடுத்து வைத்தான். அமெரிக்கக் காசு. 1795. ஒரு பக்கம் கூந்தலை அவிழ்த்துவிட்ட பெண் முகம், மறுபக்கம் கழுகு. அந்த நாடு காசு அடிக்கத் தொடங்கிய முதல் சில வருடங்களில் அடித்தது. லோகேஸ்வரன் அதைப் படத்தில் மட்டுமே பார்த்திருந்தார்.

லென்ஸை வைத்துப் பார்த்தார். கூந்தல் இழைகள் பாதி தேய்ந்திருந்தன. விளிம்பருகே ஒரு ஓட்டை. அது புது வெள்ளியால் அடைபட்டிருந்தது. நேற்றுத்தான் அடைத்தேன் என்றான் பாண்டியன். ஓட்டை தெரியாவிட்டால் நல்ல தரம் கிடைக்கும் என்று எவனோ சொல்லிக் கொடுத்தானாம். அடைத்தாலும் ஓட்டைக் காசு ஓட்டைக் காசுதான், லென்ஸ் காட்டிக் கொடுத்துவிடும் என்றார் இவர்.

ஓட்டை ஏன் என்று கேட்டபோதுதான் அவன் உடைந்தான். மகள் அபியின் அரைஞாண் கயிற்றில் கோத்திருந்த காசு அது. மனைவி துர்காவின் வீட்டு வழியில் தலைமுறை தலைமுறையாக வந்தது. ஆடியில் காய்ச்சல் கண்டு மூன்று வயதுக் குழந்தை போய்விட்டது. புதைக்கும் முன் வழக்கப்படி கயிற்றை அறுத்தார்கள். காசை மட்டும் துர்கா பிடுங்கிக்கொண்டாள்.

“இந்தக் காசையே கையில மூடிக்கினு படுத்துக்கினு இருந்தாண்ணா. சோறு தண்ணி இல்ல. இது வூட்ல இருந்தா அவ பொழைக்க மாட்டா.”

அவள் தூங்கும்போது எடுத்து வந்துவிட்டான். கண்ணில் படாவிட்டால் மறந்துவிடுவாள் என்பது அவன் கணக்கு. பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்? பாவம், அவனுக்கும் வேறு வழி தெரியவில்லை.

எடை பார்த்து நாளை சொல்கிறேன் என்று அவனை அனுப்பிவிட்டு, காசைக் காகித உறையில் போட்டு ஒட்டினார் லோகேஸ்வரன். மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

சாயங்காலம் ஆறே கால். வெளியே தூறல். டவுன் பஸ் ஒன்று போய்ச் சத்தம் அடங்கியது.

டொக்...

இழுப்பறைக்குள்ளிருந்து.

எலி என்று நினைத்தார். மறுபடியும்... டொக்.

திறந்தார். உறை ஒட்டியபடியே இருந்தது. ஆனால் ஈரம். தொட்டால் சூடு. காய்ச்சல்காரப் பிள்ளையின் வயிற்றைத் தொட்டதுபோல இருந்தது.

கிழித்தார்.

அடைத்த வெள்ளி கழன்று உறைக்குள் கிடந்தது. ஓட்டை திறந்திருந்தது. அதில்...

கறுப்புக் கயிறு.

முடிச்சுப் போட்டிருந்தது. சின்னஞ்சிறு இடுப்பு அளவுக்கு.

பதறிப்போய் பாண்டியனுக்கு போன் போட்டார். அவன் அழுதுகொண்டே சிரித்தான்.

“இப்பத்தாண்ணா எழுந்து சோறு துன்னா. பாப்பாவுக்குக் கயிறு கட்டிட்டேன்னு சொன்னா. தூங்கறா. எழுப்பல.”

லோகேஸ்வரன் போனை வைத்துவிட்டு, காசைக் கயிற்றோடு காகிதத்தில் மடித்து வைத்தார்.

துர்கா எழவே இல்லை.

மறுநாள் சாவு வீட்டில் காசைத் திருப்பிக் கொடுத்தார். தரம் பார்க்க மனம் வரவில்லை. பாண்டியன் கயிற்றை விரலால் தடவினான். புதுக் கயிறு இல்லை அது. பச்சை மணி கோத்த அபியின் கயிறு. அறுத்த இடத்தில் முடிச்சு விழுந்திருந்தது. முடிச்சில் மண் ஈரம் காயவில்லை.

“இத்த நான்தானேண்ணா குழியில போட்டு மூடினேன்,” என்றான்.