குங்குமம் வைத்த உளிப்பெட்டி

ஆளிவிதை எண்ணெயும் மரத்தூளும் கலந்த வாசனை சந்துமுனைக்கு வரும்போதே நைனா வேலை முடிந்து வந்துவிட்டார் என்று எங்களுக்குத் தெரிந்துவிடும். காலடிப்பேட்டையில் மற்ற வீட்டு அப்பாக்கள் மீனும் கிரீஸும் மணக்க, என் நைனா மட்டும் துப்பாக்கி மணப்பார். திருவொற்றியூரில் அப்போது பேர்போன ஒரு துப்பாக்கிக் கம்பெனி இருந்தது. எஸ்டேட்காரர்களும் வங்கிக் காவலாளிகளும் வைத்திருக்கும் இரட்டைக்குழல் துப்பாக்கிகள் அங்கே தயாராயின. தோளில் அணைத்துச் சுடும் மரப்பகுதியைக் 'கட்டை' என்பார்கள். அதைச் செதுக்கி, ஆளிவிதை எண்ணெய் பூசி மெருகேற்றுவதுதான் நைனாவின் வேலை. காலையில் கம்பெனிக்குள் சோதனைக்குச் சுடும் 'டொப்பு' சத்தம் கேட்டதும் நாங்கள் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவோம். 'கம்பெனிக்காரர் பொண்ணு' என்றால் மளிகைக்கடை அண்ணாச்சி எழுந்து நின்று சாமான் கொடுப்பார். அப்படி ஒரு மரியாதை.

கட்டை செதுக்குகிறவர் தமக்கென ஒரு அடையாளம் போட்டுக்கொள்வது அங்கே வழக்கம். ஒருவர் வேல் போடுவார், யூசுப் பாய் பிறை போடுவார். நைனா காசிமேட்டு மீனவக் குடும்பத்துப் பிள்ளை. கை வழுக்காமலிருக்கப் பிடியில் போடும் வரிகள் முடிகிற இடத்தில் ஒரு சின்ன மீனைச் செதுக்குவார். வீட்டில் சப்பாத்திக் கட்டை, கரண்டிப் பிடி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. "கொழம்புல போட ஒரு துண்டு மீன் இல்ல, கரண்டியில நீந்தினுகீது பாரு" என்று அம்மா கிண்டலடிப்பாள்.

எந்திரங்கள்தான் கம்பெனியுடையவை, உளிகளும் அரங்களும் அவரவர் சொந்தம். நைனா தம் உள்ளங்கைக்கு ஏற்றபடி தாமே பிடி போட்டு வைத்திருந்தார். வேறு உளியைப் பிடித்தால் கை பேசாது என்பார். ஆயுத பூஜைக்கு முந்தைய சாயங்காலம் எல்லாரும் தங்கள் பெட்டிகளைக் கம்பெனிக் கூடத்தில் சாமி முன்னால் அடுக்கிவிட்டு வருவார்கள். பூஜை நாளில் கருவியைத் தொடக்கூடாது, விஜயதசமியன்றுதான் எடுக்க வேண்டும். அந்த ஒரு நாள் அம்மாகூட அரிவாள்மனையைத் தொடமாட்டாள்.

பெரிய முதலாளி இறந்து அவர் மகன் வந்த பிறகு கம்பெனி தேய ஆரம்பித்தது. கம்பெனியை அடகு வைத்துக் கடன் வாங்கி அவர் எங்கோ மலையில் ஓட்டல் கட்டினார். இங்கே மலிவான குழல்களை வெளியிலிருந்து வாங்கிப் பொருத்தச் சொன்னார். துப்பாக்கிகள் திரும்பி வந்தன, பிறகு ஆர்டரே வரவில்லை. காலைச் சத்தம் குறைந்தது. அண்ணாச்சி உட்கார்ந்தபடியே சாமான் கொடுக்க ஆரம்பித்தார்.

நான் எட்டாவது படித்த வருஷம். ஆயுத பூஜைக்கு முந்தைய சாயங்காலம் என்னையும் நைனா கம்பெனிக்குக் கூட்டிப்போனார். எந்த வருஷமும் எட்டிப் பார்க்காத சின்ன முதலாளி அன்று பட்டு வேட்டியில் வந்து, ஒவ்வொரு பெட்டியாகக் குனிந்து, தம் கையாலேயே சந்தனமும் குங்குமமும் வைத்தார். நைனாவின் பெட்டிக்கு வைத்துவிட்டு என் கன்னத்தைத் தட்டிச் சிரித்தார். நைனாவுக்குப் பெருமை தாங்கவில்லை.

வெளியே வந்ததும் யூசுப் பாய் நைனாவின் கையைப் பிடித்து இழுத்தார். "மாமு, இன்னாவோ சரியில்ல. இந்தாளு எப்பவாவது இப்டி வந்துகீறாரா? பொட்டிய எடுத்துகினு வூட்டுக்குப் போ."

"படைச்ச சாமான எடுத்தா வெளங்குமா பாய்? நாளன்னிக்கு எடுத்துக்கலாம்" என்றார் நைனா.

விஜயதசமியன்று காலை கேட்டில் பூட்டும் அரக்கு முத்திரையும் தொங்கின. பூஜையன்று, விடுமுறை என்றும் பாராமல், வங்கிக்காரர்கள் வந்து கம்பெனியைக் கையில் எடுத்திருந்தார்கள். அந்த நாளைத் தேர்ந்து சொன்னதே முதலாளிதான் என்று வாட்ச்மேன் பிறகு போட்டு உடைத்தார். மற்ற நாளென்றால் ஆட்கள் கேட்டை மறித்து உட்கார்ந்திருப்பார்கள். அன்று ஒருவரும் அந்தப் பக்கம் தலைகாட்ட மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் குங்குமம் வைத்திருக்கிறார். எங்கள் பக்தியையே எங்களுக்குப் பூட்டாகப் போட்ட மனிதன்!

"சார், உளி மட்டும் குடுத்துடுங்க, எங்கனா போய்ப் பொழச்சிக்கிறேன்" என்று நைனா மாதக்கணக்கில் வங்கி வாசலில் நின்றார். உள்ளே இருப்பதெல்லாம் கம்பெனிச் சொத்து, உன்னுடையது என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டார்கள். அவர் தம் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். சிரித்தார்கள். கடைசியில் பெட்டிகளெல்லாம் பழைய இரும்போடு ஏலத்தில் போயின. நைனா துறைமுகத்தில் மூட்டை இறக்கப் போனார். புது உளி வாங்கித் தருகிறேன் என்று அம்மா தாலியைக் கழற்ற வந்தபோதுதான் அவர் அழுததை முதல்முறை பார்த்தேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் எந்தப் பிடியிலும் மீன் நீந்தவில்லை.

கம்பெனி இருந்த இடத்தில் இன்று கன்டெய்னர்கள் அடுக்கிக் கிடக்கின்றன. அண்ணாச்சி கடை செல்போன் கடையாகிவிட்டது. சின்ன முதலாளியின் ஓட்டல் மட்டும் நன்றாக நடக்கிறதாம்.

போன மாதம் முதியோர் பணம் எடுக்க நைனாவை அதே வங்கிக்குக் கூட்டிப்போனேன். கதவருகே காவலாளி இரட்டைக்குழல் துப்பாக்கியோடு உட்கார்ந்திருந்தார். நைனா நின்றுவிட்டார். பிடியின் வரிகள் தேய்ந்து போயிருந்தன. அவை முடிகிற இடத்தில், அழுக்கேறி, அந்தச் சின்ன மீன். நைனாவின் விரல் தானாக அதை நோக்கிப் போனது.

"பெருசு, கை வெக்காத. தள்ளி நில்லு" என்றார் காவலாளி.

நைனா சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். "அவரு மேல தப்பில்லமா, ரூல்ஸ் கீது" என்று என்னைத்தான் சமாதானப்படுத்தினார்.

எனக்குச் சமாதானம் ஆகவில்லை. தாம் செதுக்கிய மீனைத் தொடப்போன கையைத் தடுக்க ரூல்ஸ் இருக்கிறது. அன்று அந்தப் பெட்டியில் குங்குமம் வைக்க நீண்ட கையிடம், 'தொடாதே, தள்ளி நில்' என்று சொல்ல ஒரு நாதியில்லையே!