சோப்புத் தாளில் ஒரு முகம்

ஐம்பதுகளின் தொடக்கத்தில், ராயபுரத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையிலேயே நானும் என் கணவரும் துணி சோப்பு காய்ச்சி விற்றுவந்தோம். சரக்கு நல்ல சரக்குதான். ஆனால் யார் நினைவிலும் நிற்கவில்லை. தாமரை, பசுமாடு, தராசு, மூன்று மொழிகளில் பெயர் என்று எல்லாவற்றையும் உறைத் தாளில் திணித்திருந்தார் என் கணவர். "வாங்கினவங்க திரும்ப வர்றாங்க. ஆனா எந்த சோப்புன்னு சொல்லத் தெரியல" என்றார் வண்ணாரப்பேட்டைக் கடைக்காரர்.

சினிமாத் தட்டிகள் வரையும் ஓவியர் ஒருவரைப் பெரம்பூரிலிருந்து அழைத்து வந்தோம். சித்திரப் பள்ளியில் படித்தவர், கொஞ்சம் கர்வக்காரர். எங்கள் சோப்பைத் தெருக்கோடியில் வைத்துவிட்டு வந்து, "இங்கேருந்து என்ன தெரியுது?" என்று கேட்டார். ஒன்றும் தெரியவில்லை.

"ஜனங்க தாளைப் படிக்கிறதில்ல சார், பார்க்கிறாங்க. ஒரே உருவம், பளிச்சுன்னு வண்ணம். அது போதும்."

அந்நேரம் எங்களுக்கு வழக்கமாக மீன் கொடுக்கும் குப்பத்துப் பெண் கூடையோடு வந்தாள். தெரு முழுக்கக் கேட்கும் சிரிப்பு அவளுக்கு. ஓவியரின் கண் அவள்மேல் நின்றது. நான்தான் அவளை உட்காரவைத்தேன். "சும்மா வரையறாரு, கொஞ்ச நேரம் இரு" என்று காபியும் கொடுத்தேன். எதற்காக வரைகிறார் என்று சொல்லவில்லை. சொன்னால் எழுந்து போய்விடுவாளோ என்ற பயம்.

பச்சைத் தாள், நடுவில் மஞ்சள் வட்டம், அதற்குள் அவள் முகம். சில மாதங்களில் கடைதோறும் பெண்கள் "சிரிக்கிற அம்மா சோப்பு" என்று கேட்டு வாங்கினார்கள். கொல்லை போதாமல் தனியே கொட்டகை போட்டோம்.

ஒருநாள் காலை அவள் வந்தாள். கூடையில் மீன் இல்லை. கசங்கி நனைந்த எங்கள் தாள்களை வாசலில் கொட்டினாள்.

"இன்னாம்மா இது? சாக்கடைல பாத்தா என் மூஞ்சி, குப்பைல பாத்தா என் மூஞ்சி. போறவன் வர்றவன்லாம் மிதிச்சிகினு போறான். என் பொண்ணு வாக்கப்பட்ட வூட்ல கைகொட்டி சிரிக்கிறாங்கோ. என்னை ஒரு வார்த்த கேட்டியா நீ?"

என் கணவர் ஏதோ சமாதானம் சொன்னார். அவள் அவர் பக்கம் திரும்பவே இல்லை. என்னையேதான் பார்த்தாள்.

அன்றே முகத்தை எடுத்துவிடச் சொன்னேன். "வியாபாரம் படுத்துடும்" என்றார் கணவர். நான் விடவில்லை. ஓவியர் முகத்தை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு குடத்தை வரைந்தார். பச்சையும் மஞ்சள் வட்டமும் அப்படியே இருந்தன.

விற்பனை குறையவில்லை. தாளில் முகம் இல்லாததைப் பலர் கவனிக்கக்கூட இல்லை. பழைய பெயரையே சொல்லிக் கேட்டார்கள். ஓவியருக்கு ஒரே பெருமை. "பாத்தீங்களா? மனசுல ஒட்டினது வண்ணமும் வட்டமுந்தான். அதுக்குள்ள எதைப் போட்டிருந்தாலும் ஓடியிருக்கும்" என்றார். அவர் தொழிலுக்கு அது வெற்றி. எனக்கோ அது வேறு கணக்கு. தேவையே இல்லாத ஒன்றுக்காக ஒருத்தியை ஊர் மிதிக்க விட்டிருக்கிறேன்.

புதுத் தாளோடு குப்பத்துக்குப் போனேன். கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தவள், தாளை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுவும் விக்குதா?"

"விக்குது."

"அப்போ இத்த மொதல்லயே போட்டிருக்கலாமில்ல?"

தாளை என் கையில் திணித்துவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போனாள். அதன்பிறகு எங்கள் தெருவுக்கு வேறொருத்திதான் மீன் கொண்டுவந்தாள்.