பூனையின் பத்து நாள்

1978 நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். தூறல், எதிர்வீட்டுக் கூரை தெரியாத அளவுக்கு மூடுபனி. செண்பகனூரில் எங்கள் சமையலறைப் படியில் வைத்துப் பூனை என் வலது கட்டை விரலைக் கடித்த நேரம் அது. சர்ச்சில் பூசை முடிந்து வந்து சட்டையைக்கூட மாற்றியிருக்கவில்லை.

அது எங்கள் பூனை அல்ல, யாருடைய பூனையும் அல்ல. சாம்பல் நிறப் பெட்டை. நாலு நாளாக எங்கள் விறகு அடுக்குக்குள் வந்து கிடந்தது. பின்னங்காலின் மேல்பக்கம் ஒரு ரூபாய் நாணயம் அகலத்துக்குப் புண், சீழ், நாற்றம். நான் அதை விரட்டத்தான் சொன்னேன். என் மனைவி வெந்நீரில் உப்பைப் போட்டுக்கொண்டு வந்து, "சாக்கைப் போட்டுப் பிடிச்சுக்கிடுங்க, வெரசா கழுவிடுறேன்" என்றாள். பிடித்தேன். இரண்டு பல் இறங்கியது.

பஸ் ஏறி அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை என்றாலும் ஒரு டாக்டர் இருந்தார். விரலைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லிவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"தெருப் பூனையா சார்? அதைப் பத்திரமா வச்சுக்கோங்க. பத்து நாள் நல்லா இருந்தா அதுக்கு வெறி இல்லைன்னு அர்த்தம், உங்களுக்கு ஊசியே வேண்டாம். அதுக்குள்ள செத்தாலோ ஓடிப்போனாலோ, தொப்புளைச் சுத்திப் பதினாலு."

பதினாலு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். நான் முப்பத்தொரு வருஷம் குமாஸ்தாவாக இருந்த பள்ளிக்கூடத்தில் வாட்ச்மேன் ஒருவர் நாய் கடித்து அந்த ஊசி போட்டுக்கொண்டார். இரண்டு வாரம் அவர் நிமிர்ந்து நடந்து நான் பார்க்கவில்லை.

பூனையைப் பிளம்ஸ் கூடையைக் கவிழ்த்து அதற்குள் வைத்து, மேலே அம்மிக் குழவியை ஏற்றினேன். நாளைக்கு மூன்று வேளை என் மனைவி புண்ணைக் கழுவி, மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துத் தடவினாள். அவளை அது கடிக்கவில்லை. கழுவும்போது அவள் மணிக்கட்டின் மேல் தாடையை வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொள்ளும். நான் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, எத்தனை கரண்டி பால் குடித்தது, எத்தனை தடவை எழுந்து நின்றது என்று ஒரு நோட்டில் எழுதினேன்.

"எனக்குக் காய்ச்சல் வந்தப்ப தெர்மாமீட்டர் எங்க கெடக்குன்னுகூட நீங்க தேடல. பூனைக்கு நோட்டா?" என்று அவள் சிரித்தாள். ஆறாம் நாள் புண்ணின் ஓரம் காய்ந்துவிட்டது. ஏழாம் நாள் எட்டுக் கரண்டி குடித்தது.

எட்டாம் நாள், திங்கட்கிழமை, இரண்டே கரண்டி. குழவியை இறக்கிக் கூடையைத் தூக்கினேன். வெளிச்சத்தில் பார்த்தேன், புண்ணுக்குள் வெள்ளையாக ஏதோ நெளிவது போல இருந்தது. புழு என்று முடிவு கட்டினேன். எங்கள் ஊரில் சளிக்கும் தலைவலிக்கும் அட்டைக் கடிக்கும் யூகலிப்டஸ் தைலம்தான். அதைப் போடலாமா என்று சனிக்கிழமையே கேட்டிருந்தேன். "அதைக் கொண்டு கிட்டப் போயிராதீங்க. அது நக்குற பிராணி, குடலுக்குள்ள போயிரும்" என்று அவள் தெளிவாகத்தான் சொல்லியிருந்தாள். இப்போது அவள் காய் வாங்கப் போயிருந்தாள். புதுப் பாட்டிலைத் திறந்து ஊற்றினேன். சொட்டு சொட்டாக எண்ணி விட்டிருந்தாலாவது பரவாயில்லை. பயத்தில் கால் பாட்டில் போய்விட்டது.

பூனை துள்ளியது, பிறகு நக்கியது. அரைமணி நேரத்தில் வாயில் எச்சில் நூலாக வடிந்தது. நிற்கப் பார்த்து விழுந்தது.

அவள் வாசலிலேயே வாடையைக் கண்டுகொண்டாள். பையைக் கீழே போட்டுவிட்டு, பூனையை மடியில் எடுத்து வைத்து வாயைத் துடைத்தாள். துணி நனைந்து போனதும் கையாலேயே துடைத்தாள். செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடத்துக்கு அது செத்தது. பத்து நாள் முடிய இருபத்தேழு மணி நேரம் பாக்கி.

இரண்டு பேரும் பஸ் ஏறிப் போனோம். அதே டாக்டர்.

"எச்சில் வடிஞ்சுச்சா? கால் தள்ளாடுச்சா?"

"வடிஞ்சது. ஆனா அது தைலத்தால, டாக்டர். நான்தான் போட்டேன்."

"தைலமாவும் இருக்கலாம், வெறியாவும் இருக்கலாம். உங்க உயிரை வச்சு நான் பந்தயம் கட்ட முடியாது சார்." அவள் பக்கம் திரும்பினார். "எச்சிலைத் தொட்டது யாரு? நீங்களாம்மா? கையைக் காட்டுங்க."

நவம்பர்க் குளிருக்கு வெடித்த கை. ஒவ்வொரு விரலிலும் ரத்தக் கீறல். அவளுக்கும் பதினாலு என்று சீட்டு எழுதினார். கடி படாதவளுக்கு.

முதல் ஊசி முடிந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் அவள் வாயைத் திறந்தாள். "நீங்க பூனைக்கு மருந்து போடலங்க. உங்க வயித்துக்குப் போட்டீங்க."

ஆயுள் முழுக்க அடுத்தவர் எழுதிய கடிதங்களைத் திருத்தியவன் நான். அந்த வாக்கியத்தில் எனக்குத் திருத்த ஒன்றும் இல்லை.

பதினாலு நாளும் ஒரே பஸ்ஸில் போய் வந்தோம். அவள் பெண்கள் பக்கம், நான் பின்னால். அவள் ஒருமுறைகூட முனகவில்லை. நான் முனகினேன். ஒன்பதாம் நாள், "ரொம்ப வலிக்குதா?" என்று கேட்டதற்கு, "ஆமா. எழுதிக்கோங்க" என்றாள். அதற்குப் பிறகு தலைவலிக்குக்கூட அவள் என் கையால் மருந்து வாங்கியதில்லை. அவள் போனது பதினோரு வருஷம் கழித்து. கடைசி வாரத்தில்கூட நான் நீட்டிய மாத்திரையை வாங்காமல், நர்ஸ் வந்து கொடுக்கும்வரை காத்திருந்தாள்.

அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் செலவுக் கணக்கு இருக்கிறது. ஊசிக்குக் காசு கிடையாது. ஐம்பத்தெட்டு பஸ் டிக்கெட் பதினேழு ரூபாய் நாற்பது பைசா. பால், மீன், பஞ்சு, தைலம் எல்லாம் பத்து ரூபாய் முப்பத்தைந்து பைசா. ஆக மொத்தம் இருபத்தேழு ரூபாய் எழுபத்தைந்து பைசா.