தெரிந்த வார்த்தையில் எழுதச் சொன்ன மிஸ்

வேதவல்லி மிஸ் போய்விட்டார் என்ற செய்தி வந்தபோது நான் வானகரத்தில், பைபாஸ் ஓரத்துக் கடை ஒன்றில், வண்டியில் டைல்ஸ் ஏற்றிக்கொண்டிருந்தேன். வண்டி என்றால் குட்டியானை, சின்ன லோடு வண்டி. அம்பத்தூர் எஸ்டேட்டிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் அதன் ஹாரன் சத்தத்தை வைத்தே "லோகு வரான்" என்று சொல்லாத கடைக்காரர் கிடையாது. போனில் தனலட்சுமி. "அண்ணாத்தே, மிஸ்ஸு பூட்டாங்க" என்றாள். எந்த மிஸ் என்று கேட்டேன். எனக்கு இந்த உலகத்தில் இருந்தது ஒரே ஒரு மிஸ்தான். இருந்தும் கேட்டேன். "நம்ம மிஸ்ஸுதான். காலைல குளிக்கப் போனவங்க நெஞ்ச பிடிச்சிகினு உக்காந்தாங்களாம். அவ்ளோதான்."

பைபாஸில் ஓடிக்கொண்டிருந்த லாரிகளெல்லாம் அந்த நிமிஷம் அப்படியே நின்றுவிட்டன என்று எழுதத்தான் கை போகிறது. எழுதினால் மிஸ் கேட்பார்: "பார்த்தீங்களா, லோகு சார்?" பார்க்கவில்லை. ஒரு லாரிகூட நிற்கவில்லை. என் வண்டிக்குப் பின்னால் இருந்தவன், வழியை விடச் சொல்லி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான்.

மிஸ்ஸை அறிந்த உங்களுக்கு இதெல்லாம் தெரியும். தெரியாத யாராவது படிக்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன். பகலில் ஒரு பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தவர் அவர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அதே படப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எங்களுக்கும் சொல்லிக்கொடுத்தார். கொரட்டூரில், அவருடைய அண்ணன் வீட்டின் கீழே, கார் நிறுத்துகிற இடத்தில். எங்களுக்கு என்றால் செக்யூரிட்டி வேலை பார்க்கிற மாரி, அடுக்குமாடி வீடுகளைப் பெருக்கித் துடைக்கிற தனலட்சுமி, இட்லிக்கடை அக்கா, பாரிவாக்கத்திலிருந்து சைக்கிளில் வருகிற வெல்டர், அப்புறம் நான். நான் ஏழாவது வரை படித்தவன். எட்டாவது வகுப்பின் வாசலில் நிற்கவைத்த நாட்களையும் சேர்த்தால் எட்டாவது பாஸ் என்றே வைத்துக்கொள்ளலாம். மிஸ் என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். ஆனாலும் எனக்கு அவர் மிஸ், அவருக்கு நான் சார். என் பெண்டாட்டி பிள்ளைகள் உட்பட இந்த ஊரில் வேறு யாரும் என்னை சார் என்று கூப்பிட்டதில்லை.

வகுப்பு எப்படித் தொடங்கும் என்று ஞாபகம் இருக்கிறதா? வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருவரும் பக்கத்தில் இருப்பவரைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். "தனம் இஸ் ஹியர்." வரவில்லையென்றால், "மாரி இஸ் நாட் ஹியர்." யாராவது வரவில்லை என்று சொன்னதும் மற்ற எல்லாரும் ஒரே குரலில் "ஒய்?" என்று கேட்க வேண்டும். தெரிந்தவர் பதில் சொல்ல வேண்டும். வேலைக்குப் போயிருக்கிறார், காய்ச்சல், ஏதோ ஒன்று. தன்னைப் பற்றித் தானே சொல்லக் கூடாது என்பது சட்டம். அந்தச் சட்டம் எனக்காகவே போடப்பட்டது என்று மாரி சொல்வான். இருக்கலாம். வட்டத்தில் கடைசி ஆள் நான். எனக்கு அடுத்தது மிஸ்ஸின் நாற்காலி. ஆகவே "மிஸ் இஸ் ஹியர்" என்பது என் வாக்கியம். அதை ஒரு வாரம்கூட நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

ஒருமுறை, அவரவரிடம் இருப்பதைப் பற்றி எழுதி வரச் சொன்னார். நான் பத்து லாரி இருக்கிறது என்று எழுதினேன். ஏன் குறைவாக எழுத வேண்டும்? அதற்கு அடுத்த வாரம், எழுதியதை எழுந்து நின்று படிக்க வேண்டும், மற்றவர்கள் இங்கிலீஷில் கேள்வி கேட்கலாம். மாரி எழுந்தான். "வேர் ஆர் யுவர் லாரிஸ்?" என்றான். பிறகு அடக்கமாட்டாமல், "சொல்லு மாமே, பத்தும் எந்த ஸ்டாண்டுல கீது?" தமிழில் கேட்டிருந்தால் நான் விட்டிருப்பேனா? ஒன்று பெங்களூரில், ஒன்று விஜயவாடாவில், ஒன்று சர்வீஸில் என்று பத்தையும் ஊர் ஊராக நிறுத்தியிருப்பேன். இங்கிலீஷில் எனக்கு அவ்வளவு வார்த்தை இல்லை. சாக்பீஸை எடுத்து, ஒரு சின்ன வண்டி இருக்கிறது என்று போர்டில் எழுதினேன். எல்லாரும் சிரித்தார்கள். மிஸ் சிரிக்கவில்லை. "தெரிஞ்ச வார்த்தைல எழுதுங்க, சார். தெரிஞ்ச வார்த்தைல பொய் சொல்றது கஷ்டம்" என்றார்.

படிக்கத் தெரிந்தால் வாழ்க்கை வெளிச்சமாகிவிடும் என்று மேடையில் பேசுகிறவர்கள் தனலட்சுமியைக் கேட்க வேண்டும். யார் உதவியும் இல்லாமல் அவள் படித்த முதல் இங்கிலீஷ், அவள் வேலை பார்க்கிற கட்டடத்தின் லிஃப்டில் ஒட்டியிருந்தது. வீட்டு வேலைக்காரர்களும் டிரைவர்களும் இந்த லிஃப்டில் ஏறக் கூடாது. அவ்வளவுதான் அது. மறுவாரம் வந்து உட்கார்ந்தவள் புத்தகத்தைத் திறக்கவே இல்லை. "இத்தினி வருசமா அதுலதான் மிஸ் போய்க்கினு கீறேன். ஏன் மொறைக்கிறாங்கன்னு தெர்ல. எல்லாருக்கும் அதான் மூஞ்சின்னு நெனச்சிகினு இருந்தேன்." மிஸ் தன் கையிலிருந்த புத்தகத்தையும் மூடினார். பிறகு, "படிக்கக் கத்துக்கிட்டா நல்லது மட்டும் கண்ணுல படாது, தனம். அதுக்கு நான் பொறுப்பு" என்றார். அன்றைய பாடத்தை விட்டுவிட்டார். பதிலுக்கு என்ன எழுதலாம், எந்த வார்த்தையெல்லாம் தெரியும் என்று எங்களையே கேட்டார். தனம் எழுதினாள்: வீ கிளீன் திஸ் லிஃப்ட். இந்த லிஃப்டைச் சுத்தம் செய்கிறவர்கள் நாங்கள். மறுநாள் அந்த நோட்டீஸ் பக்கத்திலேயே அதை ஒட்டினாள். சாயங்காலத்துக்குள் கிழித்துவிட்டார்கள். அவளுடையதை மட்டும்.

அண்ணன்காரர் கார் வாங்கினார். எங்கள் வகுப்பு இருந்த இடத்தில் அது வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் தெருவில் நிறுத்தச் சொல்லியிருக்கலாம். மிஸ் கேட்கவில்லை. கேட்டுப் பார்த்தாரோ என்னவோ, எங்களிடம் சொல்லவில்லை. நான் கொதித்துப்போய், "ஒரு வார்த்தை சொல்லுங்க மிஸ், அம்பத்தூரையே கூட்டிகினு வந்து நிப்பாட்றேன்" என்றேன். "அம்பத்தூர் வேண்டாம் சார். எழுத ஒரு பலகை இருந்தா போதும்" என்றார். அன்று முதல் ஏரிக்கரைத் தெருவில் என் குட்டியானையின் பின்கதவுதான் போர்டு. பக்கத்துத் தண்டவாளத்தில் ரயில் போகும்போதெல்லாம் பாடத்தை நிறுத்தி, போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். மழை வந்தால் வண்டிக்குள் ஏறிக்கொள்வோம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளின் பின்னால் ஓடி ஓடிக் களைத்தவர், அங்கே நின்றுகொண்டே பாடம் நடத்தினார். மூச்சு வாங்கியதை நாங்கள் பார்த்தோம். இங்கிலீஷில் அதற்கு என்ன வார்த்தை என்று யாரும் கேட்கவில்லை.

இப்போது அந்த பேனர் விஷயத்துக்கு வருகிறேன். இதை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

செய்தி வந்த அன்றே, மிஸ் படத்தைப் போட்டு ஒரு ஃபிளெக்ஸ் அடிப்பது என்று முடிவு செய்தோம். என்ன எழுதுவது? கடைக்காரர் கம்ப்யூட்டரில் ரெடிமேடாக வைத்திருந்த வரிகளைக் காட்டினார். தங்க எழுத்து, மெழுகுவத்தி, புறா எல்லாம் சேர்ந்து வரும். தனம் ஒரே வார்த்தையில் வேண்டாம் என்றாள். காப்பி அடித்து எழுதக் கூடாது, எழுதியதைத் தானே படிக்க முடிய வேண்டும். மிஸ் வகுப்பில் அதுதானே சட்டம்? ஆளுக்கு ஒரு வாக்கியம் சொன்னோம், இங்கிலீஷில். எனக்குப் படிக்கச் சொல்லிக்கொடுத்தார் என்று தனம். எனக்கு ஒரு பேனா கொடுத்தார் என்று மாரி. மழையில் நனைந்தார் என்று வெல்டர். என் கடை இட்லியைச் சாப்பிட்டார் என்று அக்கா. என்னை சார் என்று கூப்பிட்டார் என்று நான். எனக்குத் தமிழில் ஒரு பக்கம் ஓடும். அன்று அவ்வளவுதான் சொன்னேன். உண்மையைச் சொன்னால், நான் எழுதியதிலேயே நல்ல வரி அதுதான்.

மறுநாள் காலையில் அதை அண்ணன் வீட்டு கேட்டின் பக்கத்தில் கட்டினோம். மத்தியானம் எடுப்புக்கு, மிஸ்ஸின் கடைசி ஊர்வலத்துக்கு, வந்தபோது அந்த இடத்தில் அண்ணன்காரர் வைத்த வேறொரு பேனர் நின்றது. நம்முடையதைவிட இரண்டு மடங்கு. தங்க எழுத்து, மெழுகுவத்தி, புறா. வரிக்கு வரி நீளமான இங்கிலீஷ். தனம் எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணாத்தே எழுதிக்கீது?" என்றாள். எனக்கும் புரியவில்லை. அண்ணன்காரரின் ஆபீஸிலிருந்து வந்திருந்த ஒருவரைக் கேட்டேன். "எப்பவும் எங்க மனசுல இருக்கீங்க, அந்த மாதிரி" என்றார் அவர். எங்கள் இடத்தில் கார் வந்து நின்றபோது அந்த மனசில் எந்த மூலை காலியாக இருந்ததோ.

அண்ணன்காரரிடம் போனேன். சாவு வீடு, அடக்கமாகத்தான் கேட்டேன். "தப்பா எடுத்துக்காதப்பா. ஆபீஸ்லேர்ந்து பெரிய பெரிய ஆளுங்கள்லாம் வராங்க. எல்.கே.ஜி. பசங்க எழுதுன மாதிரி கீது உங்களுது. பார்க்கிறவங்க எங்கூட்ட பத்தி இன்னா நெனப்பாங்க?" என்றார். தன் தங்கை எதைச் சொல்லிக்கொடுத்துச் சம்பாதித்தாரோ, அந்த எல்.கே.ஜி.யைத்தான் அப்படிச் சொன்னார். நான் ஒரு அறை விட்டேன், அவர் மதில் மேல் போய் விழுந்தார் என்று, டூட்டியால் எடுப்புக்கு வராத மாரியிடம் மறுநாள் சொன்னேன். இங்கே எழுதுகிறேன்: அறையவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

தனம் நிற்கவில்லை. நேராகக் கார் பார்க்கிங்குக்குப் போனாள். காரை வெளியே எடுத்திருந்தார்கள்; எடுப்பு முடிந்து வருகிறவர்களின் சாப்பாட்டுக்காக அங்கே சமையல்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு சாவுக்காவது கார் இடம் விட்டது. தரையில் நம் பேனரை விரித்துப் பூசணிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார்கள். மிஸ் முகத்தின் மேல் விதையும் நாருமாகக் கிடந்தது. சமையல்காரரைக் குற்றம் சொல்ல மாட்டேன், கொடுத்ததை விரித்தார். பின்னாலேயே வந்த அண்ணன்காரர் அதன் ஓரத்தில் செருப்போடு நின்றார். "அதுல என் லைன் கீது சார்" என்றாள் தனம். "நான் எழுதினது. மிதிச்சிகினு நிக்கிறீங்க. காலை எட்த்தீங்கன்னா நான் எட்த்துனு பூடுவேன்." அவர் காலை எடுத்தார். பூசணித் துண்டுகளைப் பாத்திரத்தில் அள்ளிப் போட்டுவிட்டு, முந்தானையால் மிஸ் முகத்தைத் துடைத்து, சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். எடுப்பில் அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டேதான் சுடுகாட்டுக் கேட் வரைக்கும் நடந்தாள்.

மிஸ்ஸிடமிருந்து எனக்குச் சொத்து என்று வந்தது, என்னால் பொய் சொல்ல முடியாத ஒரு பாஷை. கொஞ்சம் வார்த்தைதான். என் தமிழ் எதையும் தாங்கும், பத்து லாரியையும் தாங்கும், விழாத அறையையும் தாங்கும். அந்த பாஷை தாங்காது. வேறு எதற்கு அது உதவும் என்று தெரியாமல் இருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமை தெரிந்தது.

யாரும் கூப்பிடாமலே எல்லாரும் ஏரிக்கரைத் தெருவுக்கு வந்திருந்தார்கள். வண்டியை வழக்கமான இடத்தில் நிறுத்தினேன். பேனரைத் தனம் கழுவிக்கொண்டு வந்திருந்தாள், பூசணிக் கறை முழுசாகப் போகவில்லை. பின்கதவில் கட்டினோம். வட்டமாக உட்கார்ந்தோம். மாரி தொடங்கினான். தனம் இஸ் ஹியர். அக்கா இஸ் ஹியர். ஒவ்வொருவராக வந்து, வெல்டர் என்னைச் சொன்னார். லோகு இஸ் ஹியர். அடுத்தது என் முறை. எனக்கு அடுத்த இடம் வெறுமனே இருந்தது.

"உன் லைன், அண்ணாத்தே" என்றாள் தனம்.

தமிழில் கேட்டிருந்தால் எவ்வளவோ சொல்லியிருப்பேன். மிஸ் எங்கும் போகவில்லை, இந்த ஏரிக்காற்றில் இருக்கிறார், அப்படி இப்படி என்று புறா, மெழுகுவத்தி எல்லாம் வைத்திருப்பேன். இங்கிலீஷில் அதற்கு எனக்கு இருப்பது இரண்டே வாக்கியம். பக்கத்து இடத்தைத் திரும்பிப் பார்த்தேன். பார்த்ததைத்தான் சொல்ல வேண்டும்.

"மிஸ் இஸ் நாட் ஹியர்" என்றேன்.

வழக்கப்படி எல்லாரும் ஒரே குரலில் "ஒய்?" என்று கேட்க வேண்டும். யாரும் கேட்கவில்லை.