பெயரைச் சொல்லுங்கள் என்றார் அமைச்சர்

என் மனைவியைப் பற்றி நாடாளுமன்றத்தில் பேசப்போகிறார்கள் என்று தெரிந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவள் கையில் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. இந்த நாட்டில் பிறந்தவள்தான், ஆனால் குடிமகள் இல்லை. அவள் பிறந்த தோட்டத்தில் பிள்ளை பிறந்தால் தகப்பன் போய்த் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியிடம் சொல்லிவிட்டு வருவார். கிராணியிடம் சொன்னால் அரசாங்கத்திடம் சொன்ன மாதிரிதான் என்று அங்கே எல்லோரும் நம்பினார்கள். பதிவு ஆபீசுக்கு ஒருவரும் போகவில்லை. அவளுக்கும், இப்போது பட்டர்வொர்த்தில் இருக்கும் அவள் அக்காவுக்கும் அப்படித்தான் ஆயிற்று. இரண்டு பேரும் குடியுரிமைக்கு மனுப் போட்டுவிட்டு வருஷக்கணக்காகக் காத்திருக்கிறார்கள்.

பதிவு ஆபீசுக்குப் போகும்போது நான் கோவிலுக்குப் போடும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொள்வேன். ஆறாம் வகுப்போடு நின்றவன். கவுண்டருக்கு முன்னால் போனால் தெரிந்த மலாயும் மறந்துவிடும். “இன்னும் பதில் வரவில்லை” என்பார்கள். நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுவேன். சத்தம் போட்டால் நம் ஃபைல் அடியில் போய்விடும், இருக்கிற அட்டையையும் பிடுங்கிக்கொள்வார்கள் என்று யாரோ எப்போதோ சொன்னது என் மனதில் அப்படியே உட்கார்ந்திருந்தது.

நான் வேலை செய்வது கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில் ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடையில். பின்கட்டில் வெங்காயம் உரிப்பேன், அரிசி களைவேன். ஒருநாள் சாயங்காலம் எதிர்க்கட்சித் தலைவர் கூட்டத்தோடு சாப்பிட வந்தார். என்னோடு பஸ் ஏறலாம் என்று என் மனைவியும் அப்போது கடை வாசலில் நின்றாள். பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை முடிந்து வந்தவள், கையில் குடை. நேராக அவர் மேசைக்குப் போய் மலாயில் கேட்டாள்: “பினாங்குக்கு மீன் தலைக் கறிக்கு மட்டும்தான் வருவீர்களா? எங்களைப் பற்றி நாடாளுமன்றத்தில் வாய் திறக்க மாட்டீர்களா?”

நான் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். தலைவர் சிரிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, அவளை எதிரில் உட்காரச் சொல்லி எல்லாவற்றையும் கேட்டார்.

பிறகு அவருடைய உதவியாளர் போன் செய்து, பெயர் சொல்லாமல் சபையில் பேசலாமா என்று கேட்டிருக்கிறார். இவள் சரி என்றுவிட்டாள். அதை மீன் கழுவிக்கொண்டே எனக்குச் சொன்னாள்.

“என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?”

“கேட்டா என்ன சொல்லியிருப்பீங்க?”

நான் சிதறிக் கிடந்த மீன் செதில்களைப் பொறுக்க ஆரம்பித்தேன்.

“அதான் கேக்கல.”

தலைவர் பேசவிருந்த அன்றைக்குக் கடையில் தே தாரிக் டீ கலக்கும் தம்பி தன் கைப்பேசியைச் சீனி டப்பாவில் சாய்த்து வைத்து நேரலையைப் போட்டான். “அண்ணே, வாங்க! உங்க வீட்டுக்காரம்மா கேஸ் பார்லிமென்டுல ஓடுது லா! அப்படியே எனக்கும் சம்பளம் ஏத்தச் சொல்லுங்க.” முதலாளி கல்லாவிலிருந்து, “முதல்ல ஒழுங்கா தண்ணி கலக்கு, அப்புறம் ஏத்தலாம்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கைப்பேசி பக்கம் போனேன்.

தலைவர் எழுந்து நின்று தோட்டத்தைச் சொன்னார், கிராணியைச் சொன்னார். பினாங்கில் பள்ளிக்கூடம் கூட்டும் ஒரு பெண் என்றார். அவர் நிறுத்துகிற ஒவ்வொரு இடத்திலும் பெயர் வந்துவிடுமோ என்று காதைக் கைப்பேசிக்குக் கிட்டே கொண்டுபோனேன். குறுக்கே அமைச்சர் எழுந்தார்.

“பெயரைச் சொல்லுங்கள். இந்த வாரமே முடித்துக் கொடுக்கிறேன்.”

அரசாங்கத் தரப்பில் மேசையைத் தட்டினார்கள். அதுவரை பெயர் வரக்கூடாது என்று வேண்டிக்கொண்டிருந்தவன், சொல்லுங்கள், சொல்லிவிடுங்கள் என்று முணுமுணுத்தேன். வாய்விட்டே சொல்லியிருக்கிறேன், முதலாளி திரும்பிப் பார்த்தார்.

தலைவர் சொல்லவில்லை. “ஒரு பெயரைத் தந்தால் ஒரு அட்டையைத் தந்துவிட்டுக் கதவைச் சாத்திவிடுவீர்கள். இவரைப் போன்ற மற்றவர்களுக்கு என்ன விதி? அதற்குப் பதில் சொல்லுங்கள்.”

எழுத்துமூலம் பதில் தரப்படும் என்று சொல்லி அமைச்சர் உட்கார்ந்துவிட்டார். எனக்குத் தலைவர் மேல் கோபம் வந்தது. கோபத்துக்குள்ளேயும் பயம்தான். இவ்வளவு பேர் கேட்ட பிறகு ஆபீசில் எங்களைத் தேடிக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டினேன். சுங்கை பினாங் அடுக்குமாடியில் பகலில் யாரும் கதவைப் பூட்டுவதில்லை. கொஞ்ச நேரத்தில் உதவியாளர் என் கைப்பேசிக்கு அழைத்தார். தமிழ்ப் பெண். “அமைச்சர் ஆபீஸ்ல பேர் கேக்குறாங்க அண்ணே. தலைவர் உங்க விருப்பம்னு சொல்லிட்டார். கொடுக்கச் சொன்னா இப்பவே கொடுத்துடுவோம்.”

நான் வாயைத் திறந்தேன். அவள் பெயரைச் சொன்னால் போதும், குடிமக்களுக்கான நீல அட்டை.

மனைவி அடுப்பங்கரையிலிருந்து, “யாருங்க?” என்றாள். ஒலிபெருக்கியைப் போட்டேன்.

“தங்கச்சி, எங்க அக்கா பேரையும் சேர்த்துக் குடுக்கலாமா?” என்று கேட்டாள்.

“அவங்க ஒருத்தர் பேருதான் கேக்குறாங்க அக்கா.”

“எனக்கும் அவளுக்கும் ஒரே அப்பன், ஒரே கிராணி. எனக்கு மட்டும் எப்படித் தருவாங்க? அப்ப வேணாம். தலைவரைச் சபையில மறுபடியும் கேக்கச் சொல்லுங்க.”

நான் கையால் வேண்டாம் வேண்டாம் என்று காட்டினேன். அவள் பார்க்காத மாதிரி கரண்டியைக் கழுவினாள். உதவியாளர் என்னைக் கேட்டார்: “அண்ணே, நீங்க என்ன சொல்றீங்க?”

என்னை யாரும் அப்படிக் கேட்பதில்லை. அவள் முகத்தைப் பார்த்தேன். அவளும் பயந்துதான் இருந்தாள்; கீழுதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள். அதுவரை அவளுக்குப் பயம் கிடையாது என்றே நினைத்திருந்தேன்.

“வீட்டுக்காரம்மா சொன்னதுதான்மா,” என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. உதவியாளர் மறுபடி கேட்க, சத்தமாகச் சொன்னேன்.

மறுநாளும் தலைவர் எழுந்து அதே கேள்வியைக் கேட்டார். இரண்டு சகோதரிகள் என்றார் இம்முறை. அமைச்சரின் நாற்காலி காலியாக இருந்தது. துணையமைச்சர் ஒரு தாளைப் பார்த்துப் படித்தார், பரிசீலிக்கப்படும் என்று. அக்கா பட்டர்வொர்த்திலிருந்து போன் போட்டு, “ஏன்டி, வந்த சாமியைத் துரத்திவிட்டுட்டு என்னையும் இழுத்து விட்டிருக்கியே!” என்று திட்டினாள். திட்டத் திட்ட அழுதாள். மனைவி பதில் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போய்க் கதவு பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்து, அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.