மாமனாருக்குக் குறைத்த தண்ணீர்

உப்பளத்தில் வேலை செய்யும் பெண்கள் காலையில் தண்ணீர் குடிக்க மாட்டோம். குடித்தால் ஒதுங்க வேண்டும். மரக்காணத்துப் பாத்திகளில் ஒதுங்க ஒரு புதர் மறைவுகூடக் கிடையாது, கண்ணுக்கெட்டிய தூரம் வெட்டவெளி. பதினோரு மணிக்கு வீடு திரும்பித்தான் தண்ணீர்ச் சொம்பைத் தூக்குவோம். அதே புத்தியைத்தான் என் மாமனாரிடமும் காட்டினேன்.

பக்கவாதத்தில் அவருக்குப் பேச்சு போய்விட்டது. விழுங்கவும் முடியாமல் மூக்கில் குழாய் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். கஞ்சியோ பாலோ சிரிஞ்சில் ஊற்ற வேண்டும், ஒவ்வொரு முறையும் பின்னாலேயே அரை டம்ளர் தண்ணீர். வாரம் ஒருமுறை வீட்டுக்கு வரும் நர்ஸ் இதைப் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

என் வீட்டுக்காரர் உப்பு லாரி ஓட்டுகிறார். அவர் வீட்டில் இருக்கும் நாள் குறைவு. மாமனாருக்குத் துணி மாற்றுவது என் தலையில் விழுந்தது. கல்யாணமான நாளிலிருந்து அவர் எதிரே உட்காராதவள் நான். இடுப்புத் துணியை அவிழ்க்கும்போது நான் சுவரைப் பார்ப்பேன், அவர் கூரையைப் பார்ப்பார். கூச்சம் என்று மட்டும் சொன்னால் பொய். எரிச்சலும்தான். ஒருநாள் வேலை முடிந்து வந்தால் பாய், தலையணை எல்லாம் ஈரம். அன்றைக்கே தண்ணீரைக் குறைத்தேன். அரை டம்ளர் கால் டம்ளராயிற்று, பிறகு குழாய் அடைக்காமல் இருக்க இரண்டு மடக்கு. நாங்கள் இருக்கவில்லையா, அவர் இருக்க மாட்டாரா என்று நினைத்தேன். துணி காய்ந்தே கிடந்தது. அதில் எனக்குச் சந்தோஷம் வேறு!

"மாமா ஒழுங்கா வெளிய போறாராக்கா?" என்று நர்ஸ் கேட்டார்.

"போறாருங்க."

அதற்கு மேல் அந்தப் பேச்சைப் பேச எனக்கு நாக்கு கூசியது. கடைசியாக என்றைக்குப் போனார் என்று எனக்கே தெரியாது. அன்றைக்கு மட்டும் துணியில் மலம் தண்ணீராகக் கொஞ்சம் கசிந்திருந்தது. அதைத்தான் போனதாக வைத்துக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து முனக ஆரம்பித்தார். பக்கவாதத்தில் விழாமல் நல்லாயிருந்த ஒரு கை சும்மா இருக்கவில்லை. குழாயைப் பிடுங்கப் போகிறார் என்று பழைய புடவையைக் கிழித்துக் கையைக் கட்டிலோடு கட்டினேன். "சும்மா கெடக்க மாட்டீங்களா மாமா? உங்களோட ஒரே ரோதனையா போச்சு!" என்று கத்தினேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

மறுநாள் காலை ஊற்றிய கஞ்சி வாய்வழியே திரும்பி வந்தது. பயந்துபோய் நர்ஸுக்குப் போன் போட்டேன். வந்தவர் முதலில் கட்டை அவிழ்த்தார். மாமனாரின் கை நேராக அவர் வயிற்றுக்குப் போனது.

"டியூப புடுங்கலக்கா. வயிறு வலிக்குதுன்னு காட்டியிருக்காரு."

வயிறு பலகையாக இருந்தது. அவரை இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்க வைத்து, கையுறை மாட்டி, விரலாலேயே நர்ஸ் எடுத்தார். கல்லுக் கல்லாக வந்தது. நான் தோளைப் பிடித்திருந்தேன். மாமனாரின் கண்ணீர் என் கையில் விழுந்தது. "இப்படி எறுகிப் போச்சுன்னா ஓரமா தண்ணி மாதிரி கசியும்க்கா. அத போறதுன்னு நெனச்சிடாதீங்க" என்றார். பிறகு எனிமா கொடுத்தார். ஒரு மணி நேரத்தில் வயிறு இளகி, மாமனார் முகமும் தெளிந்தது.

அதற்குள் என் வீட்டுக்காரர் வந்துவிட்டார். "எதனாலங்க இப்படி ஆச்சு?"

நர்ஸ் என்னைப் பார்த்தார். "தண்ணி நான் சொன்ன அளவு குடுத்தீங்களாக்கா?"

"குடுத்தேங்க."

"அப்போ படுத்தே கெடக்கறதாலதான். சிரப் எழுதித் தர்றேன், டியூப்லயே ஊத்துங்க." அவர் என் வீட்டுக்காரரிடம் திரும்பினார். "அக்காவ ஒண்ணும் சொல்லாதீங்கண்ணா. பெத்த பொண்ணுகூட இவ்ளோ பாக்காது."

மாமனார் கண்ணைத் திறந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கிறது. அவருக்குத்தான் பேச்சு வராதே என்று அப்போது எனக்குத் தோன்றியது. பாவி, அப்பாடா என்று இருந்தது எனக்கு.